ஏரிப் பாசனமும் எரிவாயு வண்டியும்

வாலாஜாபாத்திலிருந்து சுங்குவார்சத்திரம் செல்லும் சாலைக்கு அருகே விரிந்து கிடக்கும் தென்னேரியின் கரைமீது, கார்த்திகை மழை ஓய்ந்த ஒரு காலைப் பொழுதில் ஏறி நிற்பவர்களுக்கு, ஒருபுறம் கண்ணுக்கெட்டிய தூரம் வரையில் நீரும், மறுபுறம் அந்நீரை நம்பிய வயல்களும், அவ்வயல்களின் நடுவே ஆங்காங்கே மோட்டார்க் கொட்டகைகளும் ஒருசேரத் தென்படும். காஞ்சியில் அரசு புரிந்த தொண்டைமான் இளந்திரையன் பெயரால் திரையனேரி என்று வழங்கிப் பின்னர்த் தென்னேரி என மருவியதாகச் சொல்லப்படும் இந்தப் புராதனமான ஏரியின் ஆயக்கட்டில் பயிரிடும் குடியானவன், ஏரியும் கிணறும் ஆகிய இரண்டையும் வைத்துக்கொண்டு ஒரே பயிரை வளர்ப்பவன். மதகில் தண்ணீர் வந்துகொண்டிருக்கும்வரையில் அவன் கிணற்றை நாடமாட்டான். நவரைப் பயிர் கதிர் வாங்கும் தறுவாயில் ஏரி வற்றினால், கிணற்றைக் கொண்டு பயிரைக் கரையேற்றுவான். ஆயினும் ஏரி ததும்பிக் கிடக்கும் நாட்களிலும்கூட, இடையிடையே மோட்டாரை ஓடவிட்டு, அது பழுதின்றி நீர் இறைக்கிறதா என்று பார்த்துக்கொள்ளத் தவறமாட்டான்.

கரையை விட்டிறங்கிச் சாலைக்கு வந்தால், இதே நிலைமையில் இருக்கும் வேறொரு கூட்டத்தாரைக் காணலாம். காஞ்சிபுரத்துக்குக் கல்யாணப் பட்டெடுக்கப் போகிற குடும்பங்களையும், ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் ஆலைகளுக்குப் போகிற தொழிலாளர்களையும் ஏற்றிச் செல்லும் கார்களிலும் டாக்ஸிகளிலும் பல, பெட்ரோலிலும் அழுத்திய இயற்கைவாயுவிலும் மாறிமாறி ஓடவல்லவை. ஜனங்கள் இவற்றைக் ‘கேஸ் வண்டி’ என்று அழைக்கிறார்கள். அந்தப் பெயரிலேயே பெட்ரோல் மறைந்துவிட்டதைப்போல, இவற்றை ஓட்டுபவர்களில் அநேகருடைய மனத்திலும் அது மறைந்துவிட்டது. வாயு இருக்கும்வரை வாயுவிலேயே ஓட்டுவது, பெட்ரோல் டாங்கியில் பெயரளவுக்கு இரண்டொரு லிட்டர் வைத்திருப்பது, அதையும் வழியில் வாயு தீர்ந்தாலன்றித் தொடாதிருப்பது என்னும் வழக்கம், சிக்கனத்தின் சிகரம் என்று கருதப்படுகிறது. அவ்வழக்கத்தின் குணம் எவ்வளவு, குற்றம் எவ்வளவு என்று நிறுத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒரே யந்திரத்தை இரண்டு எரிபொருள்களால் இயக்குவது நமக்குப் புதிய வித்தையன்று. இரண்டாம் உலகயுத்த காலத்தில் பெட்ரோல் கிடைப்பது அருமையாகிவிட்டபோது, பின்புறத்தில் கரியடுப்புப் பொருத்திய பஸ்கள் சென்னை ராஜதானியின் சாலைகளில் ஓடியதை அக்காலத்துப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். அடுப்பில் கரியை மூட்டி, விசிறியைச் சுழற்றி, வாயு உண்டாகும்வரை காத்திருந்து வண்டி கிளம்பிய அந்நாட்களில், அது பஞ்சத்துக்குச் செய்த உபாயமாக இருந்ததேயன்றி விருப்பத்தின்பேரில் மேற்கொண்டதன்று. இத்தாலியிலும் 1930-களிலிருந்தே மீதேன் வாயுவில் வண்டிகள் ஓடின. நம் தேசத்தில் இது பெருவழக்காவதற்குக் காரணம், தலைநகரின் புகை பொறுக்கமாட்டாமல் 1998 ஜூலை 28-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட் பிறப்பித்த உத்தரவேயாகும். தில்லியின் பஸ்கள் யாவும் இயற்கைவாயுவுக்கு மாறவேண்டும் என்று அது விதித்ததன் விளைவாகவே, பங்க்குகளும், பெட்ரோல் வண்டியை வாயுவுக்கு மாற்றும் கிட் பொருத்தும் பட்டறைகளும், பின்னர்த் தொழிற்சாலையிலேயே வாயுக்கலம் பொருத்தி வரும் கார்களும் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றின.

தமிழ்நாட்டுக்கு இந்த அலை தாமதித்தே வந்தது. எண்ணூரில் இந்தியன் ஆயில் நிறுவனம் அமைத்த திரவ இயற்கைவாயு முனையம் 2019-இல் இயங்கத் தொடங்கிய பிறகே, காஞ்சிபுரத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் வாயு பங்க்குகள் சாதாரணக் காட்சியாயின. இதில் இன்னொரு பொருத்தமும் உண்டு. தென்னேரிக்கு அதிக தூரமில்லாத இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் கார் செய்துவரும் ஹூண்டாய் நிறுவனம், ஒரு பெரிய கலத்துக்குப் பதிலாக இரண்டு சிறிய கலங்களைப் பின்புறச் சாமானறையின் தரைக்கடியில் பொருத்திய எக்ஸ்டர் காரை 2024-இல் வெளியிட்டது. அதே ஆண்டு ஜூலையில், 2 கிலோ வாயுவும் 2 லிட்டர் பெட்ரோலும் கொள்ளும் ‘ஃப்ரீடம் 125’ என்னும் மோட்டார் சைக்கிளைப் பஜாஜ் நிறுவனம் கொண்டுவந்தது. ஆகவே, இவ்விரட்டை எரிபொருள் முறை இன்று நம் வீட்டு வாசலுக்கே வந்துவிட்ட விஷயம். அதை அளந்து அறிவது நமக்கு அவசியமாகிறது.

முதலில் குணங்களைச் சொல்லுவோம். இயற்கைவாயுவின் பெரும்பகுதி மீதேன். ஒரே ஒரு கரி அணுவை நான்கு நீரக அணுக்கள் சூழ்ந்த எளிய பொருளாதலால், அது எரியும்போது பெட்ரோலைப்போல் கரிப்படிவு உண்டாக்குவதில்லை. சமமான வெப்பத்தைத் தரும் பெட்ரோலோடு ஒப்பிட்டால் அது வெளியிடும் கரியமிலவாயு ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு முதல் நான்கில் ஒரு பங்கு வரை குறைவு. குளிர்ந்த எஞ்சினில் முற்றும் எரியாத பெட்ரோல் உருளையின் சுவர் வழியே கசிந்து எண்ணெயோடு கலப்பதுபோல வாயு கலப்பதில்லையாகையால், எஞ்சின் எண்ணெயும் நெடுநாள் தெளிவாக இருக்கிறது. காற்றைவிட லேசானதாகையால், திறந்த வெளியில் கசிந்தாலும் மேலே சென்று கலைந்துவிடுகிறது. தரையோடு தரையாகத் தேங்கும் சமையல் எரிவாயுவைவிட இவ்விஷயத்தில் அது சாதுவானது. இவை யாவற்றிலும் மேலாக, இரண்டு எரிபொருள் உடைய வண்டிக்காரன் நட்டநடு வழியில் நிற்கமாட்டான் என்னும் நிம்மதி ஒன்று இருக்கிறதே, இரவில் சவாரி ஓட்டிப் பிழைப்பவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

ஆனால், ஜனங்கள் இந்த முறையின் பிரதான குணமாகக் கொண்டாடும் ஒன்று, பாதி உண்மையும் பாதி மயக்கமும் ஆகும். ‘பெட்ரோலில் 16 கிலோமீட்டர் தரும் வண்டி, கேஸில் 22 தருகிறது’ என்று பெருமையோடு சொல்லுகிறார்கள். முன்னது லிட்டர்க் கணக்கு, பின்னது கிலோக் கணக்கு என்பதை எவரும் யோசிப்பதில்லை. ஒரு லிட்டர் பெட்ரோலின் எடை ஏறக்குறைய முக்கால் கிலோதான். ஆகவே 16 கிலோமீட்டர் தரும் வண்டியைக் கிலோக் கணக்கில் சொன்னால் அது பெட்ரோலிலும் 21, 22 கிலோமீட்டர் தருகிறதென்றே ஆகும். மேலும், ஒரு கிலோ வாயுவிலுள்ள வெப்பசக்தி சுமார் ஒன்றரை லிட்டர் பெட்ரோலிலுள்ளதற்குச் சமம். அந்தக் கணக்குப்படி எஞ்சின் இரண்டையும் ஒரே திறமையோடு எரித்தால் வாயுவில் 24 கிலோமீட்டர் வரவேண்டும். வருவதோ 22. ஆகையால் வாயுவில் வண்டி அதிகமாக ஓடுகிறது என்பது சரியன்று. வாயு மலிவாக விற்கிறது என்பதே சரி. மலிவு என்பது விலையைப் பொறுத்தது. விலையோ அரசாங்கத்தின் வரியையும் அந்நிய தேசத்துச் சந்தையையும் பொறுத்தது.

அந்த மலிவைத்தான் இப்போது எண்ணிப் பார்ப்போம். கணக்கின் சௌகரியத்துக்காகப் பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய், வாயு கிலோ 90 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், மேற்சொன்ன வண்டிக்குக் கிலோமீட்டர் ஒன்றுக்குப் பெட்ரோலில் 6 ரூபாய் 25 காசும், வாயுவில் சுமார் 4 ரூபாய் 10 காசும் செலவாகும். மிச்சம் 2 ரூபாய் 15 காசு. வாயுக்கலத்தோடு வரும் காருக்குக் கூடுதலாகக் கொடுக்கும் விலை 95,000 ரூபாய் என்று கொண்டால், அதை மீட்டெடுக்க ஏறக்குறைய 44,000 கிலோமீட்டர் ஓடவேண்டும். மாதம் 4,000 கிலோமீட்டர் ஓட்டும் டாக்ஸிக்காரர் பதினோரு மாதத்தில் கைமுதலை எடுத்துவிடுவார். மாதம் 500 கிலோமீட்டர்கூட ஓட்டாமல், வெள்ளிக்கிழமை காமாட்சி கோயிலுக்கும் விசேஷ நாட்களில் உறவினர் வீட்டுக்கும் மாத்திரம் போய்வரும் குடும்பத்துக்கோ ஏழு ஆண்டுகளுக்குமேல் பிடிக்கும். ஒரே வண்டி ஒருவருக்கு லாபமாகவும் மற்றொருவருக்கு வெறும் ஆசையாகவும் முடிவது இவ்வாறுதான்.

இன்னொரு கழிவையும் சேர்க்கவேண்டும். வாயு பங்க் போகிற வழியில் இல்லாமல் 6 கிலோமீட்டர் விலகியிருக்கிறதென்று கொள்வோம். 8 கிலோ நிரப்பினால் 176 கிலோமீட்டர் ஓடலாம். அதில் 12 கிலோமீட்டர் பங்க்குக்குப் போய்வருவதிலேயே கழிந்துவிடுகிறது. மிச்சப்படவேண்டிய 380 ரூபாய் சுமாராக 305 ரூபாயாகச் சுருங்குகிறது. அதாவது லாபத்தில் ஐந்தில் ஒரு பங்கு வாயு வாங்கச் செல்லும் பாதையிலேயே சிந்திவிடுகிறது. வரிசையில் நிற்கும் நேரத்துக்கு விலை போட்டால், சவாரியை நம்பிப் பிழைப்பவனுக்கு இன்னும் குறையும். குழாய் எட்டாத பங்க்குகளுக்கு லாரியில்தான் வாயு வருகிறது. கொண்டுவந்த கலங்களில் அழுத்தம் இறங்க இறங்க, வண்டியில் ஏறும் வாயுவும் குறைகிறது. ‘பிரஷர் இல்லை’ என்று பங்க் ஊழியர் சொல்லும் இரண்டு வார்த்தைகளைக் கேட்டுத் திரும்பிவந்த ஓட்டுநர்கள் எத்தனையோ பேர்.

இனிக் குற்றங்களுக்கு வருவோம். இவற்றுள் முதன்மையானது, இந்த எஞ்சின் இரண்டு எஜமானர்களுக்கு ஊழியம் செய்ய நேர்ந்த வேலைக்காரனைப் போன்றது என்பதாகும். வெடியதிர்வைத் தாங்கும் சக்தியைக் குறிக்கும் ஆக்டேன் எண், நாம் வாங்கும் சாதாரணப் பெட்ரோலுக்குக் குறைவு. இயற்கைவாயுவுக்கோ 120-க்கும் மேல். வாயுவுக்கென்றே ஓர் எஞ்சினைச் செய்தால், உருளைக்குள் கலவையை இன்னும் அதிகமாக இறுக்கி, அதே வாயுவிலிருந்து அதிக வேலையை வாங்கலாம். ஆனால் அப்படி இறுக்கினால் பெட்ரோல் தாங்காது. இரண்டுக்கும் பொதுவாக இருக்கவேண்டுமென்ற நிர்ப்பந்தத்தால், பெட்ரோலுக்குத் தகுந்த இறுக்கமே நிலைக்கிறது. வாயுவின் உயர்ந்த குணம் பயன்படாமல் போகிறது. அதோடு, வாயு உருளைக்குள் நுழையும்போது பத்தில் ஒரு பங்கு இடத்தைத் தானே அடைத்துக்கொண்டு காற்றை வெளியே தள்ளிவிடுகிறது. எக்ஸ்டர் கார் பெட்ரோலில் 83 குதிரைசக்தியும் வாயுவில் 69 குதிரைசக்தியும் தருவதன் ரகசியம் இதுவே. ஆட்களையும் மூட்டைகளையும் ஏற்றிக்கொண்டு மேம்பாலம் ஏறும்போது ‘இழுவை இல்லை’ என்று ஓட்டுநர் சொல்வது, மனப்பிரமையன்று, பௌதிக உண்மை.

இரண்டாவது குற்றம், தேய்மானம். வாயு வறண்டு எரிவது. பெட்ரோல் துளிகள் ஆவியாகும்போது தரும் குளிர்ச்சி அதற்கில்லை. ஆகையால் வால்வும் அது அமரும் இருக்கையும் அதிக உஷ்ணத்துக்கு ஆளாகின்றன. தொழிற்சாலையிலேயே வாயுவுக்கென உறுதியான உலோகத்தால் இருக்கை செய்யும் வண்டிகள் இதைத் தாங்கும். வெளியிலே கிட் பொருத்திய பழைய வண்டிகள் சீக்கிரம் தளரும். வாயுக் கலவையைப் பற்றவைக்கத் தீப்பொறிக்கு அதிக மின்னழுத்தம் வேண்டுமாதலால், பெட்ரோலில் ஓரளவு சமாளிக்கும் தேய்ந்த ஸ்பார்க் பிளக், வாயுவில் உடனே தடுமாறும். காற்று வடிகட்டி அடைபட்டாலும் அப்படியே. இவற்றைக் காலத்தில் மாற்றாமல் எரிபொருளில் மிச்சம் பிடிக்க நினைப்பது, மதகைப் பழுதுபார்க்காமல் ஏரியை நம்புவது போன்றது.

இந்த இடத்தில், தொழிற்சாலை வண்டிக்கும் கிட் பொருத்திய வண்டிக்கும் உள்ள பேதத்தைச் சொல்லவேண்டும். காஞ்சிப் பட்டின் சிறப்பு, உடலும் கரையும் வெவ்வேறு நாடாக்களால் நெய்யப்பட்டுக் கோர்வையில் ஒன்றாகப் பிணைவதில் இருக்கிறது. அந்தக் கோர்வை உறுதியாக இருந்தால் சேலை கிழிந்தாலும் கரை பிரியாது என்பார்கள். இரண்டு எரிபொருள்கள் சந்திக்கும் இடமும் ஒரு கோர்வைதான். மீதேனின் சுடர் பெட்ரோலின் சுடரைவிட மெதுவாகப் பரவுவதால், பொறியைச் சற்று முன்னதாகவே வைக்கவேண்டும். ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று போதுமானால், மீதேனுக்கு 17 பங்குக்குமேல் வேண்டும். இவ்விரு கணக்குகளையும் நொடிக்கு நொடி மாற்றிப்போடும் கட்டுப்பாட்டுப் பெட்டி ஒழுங்காக அமைந்தால்தான் இரண்டு எரிபொருளும் பழுதின்றி எரியும். அங்கீகாரமில்லாத பட்டறையில், மலிவான கிட்டை, சரியாக ட்யூன் செய்யாமல் பொருத்திக்கொண்டு, ஆர்.சி. புத்தகத்திலும் பதியாமல் ஓட்டுபவர், வாயுவின் லாபத்தையும் இழந்து, பெட்ரோலின் சுகத்தையும் இழந்து, விபத்து நேர்ந்தால் இன்ஷூரன்ஸையும் இழக்க நேரிடும்.

மூன்றாவது குற்றம் பழக்கத்தால் வருவது. அதாவது, நான் முதலில் சொன்ன, பெட்ரோலைத் தொடாதிருக்கும் வழக்கம். பெட்ரோல் டாங்கிக்குள் இருக்கும் பம்ப், தன்னைச் சூழ்ந்த பெட்ரோலினாலேயே குளிர்ச்சி பெறுவது. இரண்டொரு லிட்டர் மாத்திரம் இருந்தால் அது வறண்டு சூடேறிக் கெடும். மாதக்கணக்கில் தேங்கிய பெட்ரோலில் லேசான பகுதிகள் ஆவியாகிப் போய், பிசின் போன்ற கசடு இன்ஜெக்டரின் நுண்துளைகளில் படியும். எத்தனால் கலந்த இக்காலத்துப் பெட்ரோல் காற்றிலுள்ள ஈரத்தையும் ஈர்த்துக்கொள்ளும். இப்படிப் பெட்ரோல் பக்கம் பாழடைந்தபின், என்றோ ஒருநாள் வாயு தீர்ந்து ஸ்விட்சைத் திருப்பும்போது வண்டி முக்கி முனகி நிற்கும். அவசரத்துக்கு என்று வைத்த பொருள் அவசரத்தில் உதவாமற்போவதைவிடப் பெரிய நஷ்டம் வேறென்ன?

ஆதலால், விவேகமான உபயோகம் எது என்பதை இக்குற்றங்களே காட்டிக்கொடுக்கின்றன. பெரும்பாலான வண்டிகள் பெட்ரோலில் கிளம்பி, எஞ்சின் சூடான பிறகே தாமாக வாயுவுக்கு மாறுகின்றன. ஏறத்தாழ 200 பார் அழுத்தத்தில் அடைபட்ட வாயு, அழுத்தத்தைக் குறைக்கும் ரெடியூசரில் விரியும்போது கடுமையாகக் குளிர்ந்துபோவதால், எஞ்சினின் வெந்நீரைச் சுற்றவிட்டுத்தான் அதை வெதுவெதுப்பாக்க வேண்டியிருக்கிறது. அந்த நேரத்தைச் சகித்துக்கொள்ளாமல் வலுவில் வாயுவுக்கு மாற்றுவது யந்திரத்துக்குத் தீங்கு. நேரடியாக வாயுவிலேயே கிளம்பும்படி தொழிற்சாலையில் வடிவமைத்த டாட்டாவின் வண்டிகள் போன்றவை இதற்கு விலக்கு. கடைத்தெருவுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் இரண்டு கிலோமீட்டர் போய்வரும் பிரயாணங்களில் எஞ்சின் சூடாவதற்குள் வீடு வந்துவிடுவதால், அங்கே வாயு வண்டியும் பெட்ரோல் வண்டியே. சிறு வேலைகளை ஒரே பயணத்தில் சேர்த்து முடிப்பதுதான் அதற்கு மருந்து.

டாங்கியில் எப்போதும் கால் பங்குக்குக் குறையாமல் பெட்ரோல் இருக்கட்டும். வாரத்துக்கு ஒருநாள் பத்துக் கிலோமீட்டராவது அதில் ஓட்டி, பழையதைச் செலவழித்துப் புதியதை ஊற்றவேண்டும். இந்தப் பத்துக் கிலோமீட்டருக்கு ஆகும் அதிகச் செலவு இருபது ரூபாய்ச் சொச்சம். கெட்டுப்போன பம்ப்பை மாற்ற ஆகும் செலவோ ஆயிரக்கணக்கு. முழுப் பாரத்தோடு செங்குத்தாக ஏறும் இடத்திலும், நெடுஞ்சாலையில் லாரியை முந்தவேண்டிய இடத்திலும் இழுவை போதாதென்று தோன்றினால், முன்கூட்டியே பெட்ரோலுக்கு மாற்றிக்கொள்வது ஊதாரித்தனமன்று, பாதுகாப்பு. சித்திரை, வைகாசி வெயிலில் நண்பகலில் நிரப்பினால், உஷ்ணத்தால் அழுத்தம் சீக்கிரம் ஏறிக் குறைந்த எடை வாயுவே கலத்தில் அமரும். விடியற்காலையில், கூட்டமில்லாத வேளையில் நிரப்புவது இருவகையிலும் அனுகூலம். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை கலத்தை நீரழுத்தச் சோதனைக்கு விடுவது சட்டம் மட்டுமன்று. 200 பார் அழுத்தத்தைப் பின்னிருக்கைக்குப் பின்னால் வைத்துக்கொண்டு பிள்ளைகுட்டிகளோடு பிரயாணம் செய்கிறவர் தமக்குத் தாமே செய்துகொள்ளவேண்டிய சத்தியம்.

ஊருக்கும் உலகுக்கும் நன்மையா என்ற கேள்வி எஞ்சியிருக்கிறது. புகை குறைகிறது என்பது நிச்சயம். ஆனால் எரியாமல் தப்பும் மீதேன், நூறாண்டுக் கணக்கில் கரியமிலவாயுவைவிட ஏறக்குறைய 28 மடங்கு உலகத்தைச் சூடாக்குவது. பங்க்கிலும் குழாயிலும் ரெடியூசரிலும் ஏற்படும் கசிவு, எரிவதில் பெற்ற லாபத்தை அரித்துவிடக்கூடும். தில்லி, குருகிராம் சாலைகளில் ஓடும் வண்டிகளை அளந்து 2024-இல் வெளியான ஆய்வும், வாயு வண்டிகளிலிருந்து வரும் நைட்ரஜன் ஆக்ஸைடுகள் பரிசோதனைச்சாலையின் வரம்பை மீறியிருக்கக் கண்டது. தவிரவும், நம் தேசம் உபயோகிக்கும் இயற்கைவாயுவில் ஏறக்குறைய பாதி, கடல் கடந்து வருவது. 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் உலகிலேயே மிக அதிகமான வாயு வண்டிகளை ஓட்டிய பாகிஸ்தான், வாயுத் தட்டுப்பாட்டால் வாரத்தில் பல நாட்கள் பங்க்குகளை மூடவும், வண்டிகள் மைல்கணக்கில் வரிசை நிற்கவும் கண்டது. ஒரே மதகை நம்பியவர்களின் கதி அது. சாணத்திலிருந்தும் சந்தைக் கழிவிலிருந்தும் எடுத்து அழுத்திய உயிரி எரிவாயுவை, 2018-இல் தொடங்கிய ‘சதத்’ திட்டம் ஊக்குவிக்கிறது. இந்த வண்டிகள் அதே கலத்தில் அதே எஞ்சினில் அதை ஏற்கும் என்பதே, இவற்றின் எதிர்காலத்தைப் பற்றி நான் கொள்ளும் உண்மையான நம்பிக்கை.

எல்லாவற்றையும் சேர்த்து நிறுத்துப் பார்க்கையில் என் முடிவு இது: தினந்தோறும் நெடுந்தூரம் ஓட்டுகிற, பங்க் வழியிலேயே அமைந்த, யந்திரத்தைக் காலத்தில் பராமரிக்கிறவருக்கு இம்முறை மிக நல்லது, எப்போதாவது ஓட்டுகிறவருக்கு அது அநாவசியம், ஒழுங்கில்லாதவருக்கு நஷ்டம். தென்னேரி நிரம்பி வழியும் ஆண்டிலும் கிணற்று மோட்டாரை ஓடவிட்டு, வாய்க்காலில் விழும் நீரைக் கையால் தொட்டுப் பார்த்துவிட்டு வீடு திரும்பும் குடியானவனுக்கு, அன்று அந்தத் தண்ணீர் தேவையில்லை; கதிர் வாங்கும் மாதத்தில் தேவைப்படும் என்பதை அவன் அறிவான். அவனுடைய மகன் ஒரகடத்து ஆலைக்கு ஓட்டிப்போகும் வண்டியில், வாரத்துக்கு ஒருநாள் அந்த ஸ்விட்சைப் பெட்ரோல் பக்கம் திருப்பி வைத்தால், தகப்பனிடம் கற்ற பாடத்தையே அவன் கடைப்பிடிக்கிறான்.